ஹோலிரூட்டில் ஒரு வியாழக்கிழமை: கேள்விகளையும் விவாதத்தையும் பின்தொடரும் வழி

ஸ்காட்லாந்து நாடாளுமன்ற நேரலையை வியாழக்கிழமை பகல் 12 மணிக்குத் திறந்து, முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவர்களும் மோதும் முக்கால் மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினால், அன்றைய சத்தம் முழுவதும் காதில் விழுந்திருக்கும். அன்றைய வேலை பெரும்பாலும் கண்ணில் பட்டிருக்காது. வேலை நடப்பது அதற்கு 20 நிமிடம் முன்பு, பிறகு மதியம் 2.30க்கு மேல், கடைசியாக மாலை வாக்கெடுப்பில். ஒரு முழு நாளைப் பின்தொடர இணைய இணைப்பும் ஒரு நோட்டும் போதும். எதை எந்த வரிசையில் பார்ப்பது, எங்கெங்கே ஏமாறுவோம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. மாலையில் இது தேவைப்படும். எடின்பரோவில் ராயல் மைல் தெருவின் கீழ்க்கோடியில், ஹோலிரூட்டில் உட்காரும் இந்த அவைக்கு 129 உறுப்பினர்கள். 73 பேர் தொகுதிகளிலிருந்து வருகிறார்கள். மீதி 56 பேர் எட்டு மண்டலங்களிலிருந்து, மண்டலத்துக்கு 7 பேர் வீதம். எல்லாருக்கும் எம்எஸ்பி (ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்) என்றே பெயர், எல்லாருக்கும் ஒரே உரிமைதான். அவைத்தலைவர் பதவியேற்றதும் கட்சியை விட்டு விலகிவிடுவார். சாதாரணமாக வாக்களிக்க மாட்டார். ஆகவே எல்லாரும் வந்திருந்தாலும் எண்ணிக்கை 128தான். இரட்டைப்படை எண் என்பதால் சமன் வர வாய்ப்புண்டு. வந்தும் இருக்கிறது.

காலையில்: புல்லட்டின்

அவை கூடும் ஒவ்வொரு நாளும் காலையில் நாடாளுமன்ற இணையதளத்தில் பிசினஸ் புல்லட்டின் வெளியாகும். இதைப் படிக்காமல் நேரலையைத் திறப்பது, சீட்டு எண் தெரியாமல் ரயிலில் ஏறுவது மாதிரி. அதில் அன்றைய நிகழ்ச்சி நிரல், கேட்கப்படவிருக்கும் கேள்விகளின் முழு வாசகம், விவாதத்துக்கு வரும் தீர்மானமும் திருத்தங்களும், அடுத்த வாரங்களின் அலுவல் எல்லாம் இருக்கும்.

வியாழனின் வழக்கமான அமைப்பு இது: காலையில் குழுக்கள், 11.40க்குப் பொதுக் கேள்விகள்; 12 மணிக்கு முதல்வர் கேள்வி நேரம்; அது முடிந்ததும் உறுப்பினர் அலுவல் விவாதம்; இடைவேளை; 2.30க்குத் துறைவாரிக் கேள்விகள். அதன்பின் அன்றைய பெரிய விவாதம். 5 மணிக்கு முடிவு நேரம், அதாவது வாக்கெடுப்பு. செவ்வாயும் புதனும் வேறு மாதிரி. செவ்வாய் மதியம் 2 மணிக்கு நான்கு நிமிடச் சிந்தனை நேரத்தோடு அவை தொடங்கும்; ஏதாவது ஒரு சமயத்தைச் சேர்ந்தவரோ, எந்தச் சமயத்தையும் சேராதவரோ வந்து பேசுவார். பிறகு அந்த வாரத்தின் சூடான விஷயங்கள் மீதான கேள்விகள். புதன் துறைவாரிக் கேள்விகளோடு தொடங்கும்.

இந்த நேரங்களைக் கல்லில் பொறித்ததாக நினைக்க வேண்டாம். புல்லட்டினில் சில வரிகளுக்கு மட்டும்தான் மணி போட்டிருக்கும். மற்றவற்றுக்கு ‘அதைத் தொடர்ந்து’ என்று மட்டும் இருக்கும். முன்னது நீண்டால் பின்னதும் தள்ளிப்போகும். அவசரக் கேள்வி ஒன்றை அவைத்தலைவர் அனுமதித்தால் முழு மதியமும் நகரும். அதனால் காலையில் பார்த்த புல்லட்டினை மதியம் ஒரு முறை புதுப்பித்துப் பார்ப்பது நல்லது.

கேள்விக்கும் தீர்மானத்துக்கும் பக்கத்தில் ஒரு குறியீடு இருக்கும்: எஸ் என்ற எழுத்து, எத்தனையாவது பேரவைக்காலம் என்ற எண், வகையைச் சொல்லும் எழுத்து, பிறகு வரிசை எண். 2021இல் தொடங்கிய ஆறாவது பேரவைக்காலத்தில் ‘எஸ்6ஓ’ என்றால் அவையில் வாய்மொழியாகக் கேட்பது, ‘எஸ்6டபிள்யூ’ எழுத்துபூர்வமான கேள்வி, ‘எஸ்6எஃப்’ முதல்வருக்கானது, ‘எஸ்6எம்’ தீர்மானம். தீர்மான எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வைத்து 1, 2, 3 என்று வந்தால் அவை அந்தத் தீர்மானத்துக்கு வந்த திருத்தங்கள். இந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது உறுப்பினர் பெயரை வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். எண்ணை வைத்துத் தேடினால் ஒன்றே ஒன்று வரும்.

இது யார் கையில் இருக்கும் விஷயம்?

கேள்விகளைப் படிக்கும்போதே ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு குறி போடுங்கள்: அதிகாரம் எடின்பரோவிடமா, லண்டனிடமா, அல்லது கீழே இருக்கும் அமைப்புகளிடமா? 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் இதை வித்தியாசமாகப் பிரித்தது. எடின்பரோவுக்கு எவை என்று அது பட்டியல் போடவில்லை. லண்டன் தன்னிடம் வைத்துக்கொண்டவற்றை ஐந்தாவது அட்டவணையில் எழுதிவிட்டு, மிச்சம் எல்லாம் இங்கே என்று விட்டுவிட்டது. பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், ஒலிபரப்பு போன்றவை லண்டனிடம். மருத்துவம், பள்ளிக்கல்வி, காவல், நீதி, விவசாயம், உள்ளாட்சி எல்லாம் எடின்பரோவிடம். வருமான வரியில் சம்பளம் போன்ற வருமானத்துக்கான விகிதமும் அடுக்குகளும் 2017-18 முதல் இங்கேயே முடிவாகின்றன.

அமைச்சர் நழுவும் வாசல்கள் மூன்று என்பதால்தான் இந்தக் குறி. ஒன்று, ‘அது லண்டன் அரசின் பொறுப்பு’. இரண்டு, ‘அது உள்ளூர் சுகாதார வாரியம் முடிவு செய்ய வேண்டியது’. இப்படி 14 மண்டல வாரியங்கள் இருக்கின்றன. மூன்று, ‘அது உள்ளாட்சி மன்றத்தின் வேலை’, அவை 32. பல சமயம் இது உண்மையான பதில். சில சமயம் பணம் அரசிடமிருந்து போகிறது, முடிவு மட்டும் வாரியத்துடையது என்று சொல்லித் தப்பிப்பது. முன்கூட்டியே குறி போட்டிருந்தால் எது எது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

11.40: ஆள் கவனிக்காத 20 நிமிடம்

பொதுக் கேள்விகளுக்கு உறுப்பினர்களின் பெயர் குலுக்கலில் எடுக்கப்படும். பெயர் விழுந்தவர் குறித்த நேரத்துக்குள் வாசகத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறவிட்டால் அவைத்தலைவர் ‘இந்த எண் கேள்வி தாக்கல் செய்யப்படவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கேள்வியைப் படித்துவிட்டு வந்தவருக்கு இது குழப்பம் தராது. படிக்காதவர் ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நேரலையைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு கேள்வி எப்படி ஓடுகிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். அவைத்தலைவர் எண்ணையும் பெயரையும் சொல்வார். உறுப்பினர் அச்சில் உள்ள வாசகத்தை அப்படியே படிப்பார். அமைச்சர் எழுதி வைத்த பதிலைப் படிப்பார். கேள்வி பல நாள் முன்பே கையில் இருந்ததால் இந்தப் பதில் அதிகாரிகள் செதுக்கியது. எண்கள் சரியாக இருக்கும், விஷயம் குறைவாக இருக்கும். இதற்குப் பிறகு அதே உறுப்பினர் ஒரு துணைக் கேள்வி கேட்பார். அது அச்சில் இல்லை. அமைச்சருக்குத் தெரியாது. கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிறகு மற்ற உறுப்பினர்கள் ஒருவரோ இருவரோ, தங்கள் மேசையிலுள்ள பேச்சுக்கோரும் பொத்தானை அழுத்தி இடம் பெற்றுக் கேட்பார்கள்.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் துணைக் கேள்வியின் மையத்தை ஒரே வரியில். வலப்பக்கம் அதற்கு வந்த பதிலை ஒரே வரியில். முதல் பதிலை எழுதவே வேண்டாம். மாலையில் அவைக்குறிப்பில் சொல் சொல்லாகக் கிடைத்துவிடும். வலப்பக்கம் வெறுமையாக நின்றால், பதில் வரவில்லை என்று அர்த்தம். அமைச்சர் இரண்டு நிமிடம் பேசியிருந்தாலும் அதுதான் நிலைமை. ‘உறுப்பினருக்குக் கடிதம் எழுதுகிறேன்’ என்று சொன்னால் அதைத் தனியாக வட்டமிடுங்கள். அது ஒரு வாக்குறுதி. கடிதம் வந்ததா என்று அந்த உறுப்பினரின் அலுவலகத்தை இரண்டு மூன்று வாரம் கழித்துக் கேட்கலாம்.

ஆளுங்கட்சிப் பின்வரிசை உறுப்பினர் ‘அரசின் இந்தச் சாதனையை அமைச்சர் வரவேற்பாரா’ என்று கேட்பார். எல்லா நாடாளுமன்றங்களிலும் இருக்கும் சங்கதிதான். டீ குடிக்க நல்ல நேரம்.

12 மணி: முதல்வர் கேள்வி நேரம்

இங்கே குலுக்கல் இல்லை. எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு முதல் இடங்கள். மீதிக் கேள்விகளை உறுப்பினர்கள் அனுப்பியவற்றிலிருந்து அவைத்தலைவரே தேர்ந்தெடுப்பார். புல்லட்டினில் தலைவர்களின் பெயருக்கு எதிரே கேள்வி இருக்காது, ‘கேள்வி அவையில் எடுத்துக்கொள்ளப்படும்’ என்று மட்டும் இருக்கும். அதாவது என்ன கேட்கப்போகிறார் என்று முதல்வருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த வார நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பார்த்தவர்கள் பாதி ஊகித்துவிடுவார்கள்.

தலைவர்கள் அடுத்தடுத்துப் பல துணைக் கேள்விகள் கேட்கலாம். அதனால் முதல் கேள்வியில் ஒரு ‘ஆம், இல்லை’ பொறி வைத்து, மூன்றாவது கேள்வியில் ஓர் ஆவணத்தை வெளியே எடுப்பது வழக்கமான தந்திரம். எனவே முதல் கேள்வியை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல்வர் புள்ளிவிவரம் சொன்னால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார், யாரோடு ஒப்பிடுகிறார். காத்திருப்புப் பட்டியல் பற்றிக் கேட்டால் போன காலாண்டோடு ஒப்பிடுவதும், இங்கிலாந்தோடு ஒப்பிடுவதும், பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடுவதும் மூன்று வெவ்வேறு கதைகள். மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

கடைசிப் பகுதியில் தொகுதி சார்ந்த துணைக் கேள்விகள் வரும். ஒரு தொழிற்சாலை மூடல், ஒரு படகுச் சேவை நிறுத்தம், ஒரு மருத்துவமனைப் பிரிவு என்று உள்ளூர் விஷயங்கள். இவை புல்லட்டினில் இருக்காது, செய்திகளிலும் பெரும்பாலும் வராது. ஆனால் முதல்வர் வாயிலிருந்து ‘அமைச்சரைச் சந்திக்கச் சொல்கிறேன்’ என்ற உறுதி கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். முழு முக்கால் மணி நேரமும் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு எங்கள் பரிந்துரை, தொடக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் பாருங்கள்.

பேச்சு வழக்கிலும் ஒன்று. லண்டனில் போல ‘மாண்புமிகு நண்பர்’ எல்லாம் இங்கே இல்லை. உறுப்பினரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுவார்கள். ஆனால் ஒருவரை நேராகப் பார்த்து ‘நீங்கள்’ என்று சொன்னால் அவைத்தலைவர் குறுக்கிட்டு, ‘அவைத்தலைவர் வழியாகப் பேசுங்கள்’ என்பார். அவையில் ‘நீங்கள்’ என்றால் அவைத்தலைவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

கேள்வி நேரம் முடிந்ததும் சில நிமிட இடைநிறுத்தம். பார்வையாளர் மாடம் காலியாகும். அதற்குப் பிறகு வருவது உறுப்பினர் அலுவல் விவாதம்: பல கட்சிகளின் ஆதரவு பெற்ற ஒரு தனி உறுப்பினரின் தீர்மானம், முக்கால் மணி நேரம் போல, கடைசியில் அமைச்சரின் பதில். வாக்கெடுப்பு கிடையாது. அதனாலேயே அமைதியாக, விஷயத்தோடு நடக்கும். அரிய நோய், மீனவர் பாதுகாப்பு, ஒரு கிராமத்து நூலகம் போன்ற விஷயங்களில் அரசின் நிலைப்பாடு முதல் முறையாகப் பதிவாவது இங்கேதான்.

மதிய விவாதம்: திருத்தத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது

2.30க்கு ஏதாவது ஒரு துறையின் கேள்விகள். முறை காலையில் பார்த்ததே. அதற்குப் பிறகுதான் விவாதம். இங்கே தடுக்கி விழுபவர்கள் அதிகம், காரணம் ஒன்றே: பேச்சைக் கேட்கிறார்கள், தீர்மானத்தின் வாசகத்தைப் படிப்பதில்லை. வாக்கு விழுவது பேச்சுக்கு அல்ல, வாசகத்துக்கு.

ஓர் உதாரணம் கட்டிப் பார்ப்போம். எதிர்க்கட்சி இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது என்று வையுங்கள்: ‘கிராமப்புறங்களில் பேருந்துச் சேவை குறைந்துவருவது கவலைக்குரியது என்று இந்த அவை கருதுகிறது, ஆண்டு முடிவதற்குள் மீட்புத் திட்டம் ஒன்றை வெளியிட அரசைக் கேட்டுக்கொள்கிறது.’ அரசுத் தரப்பின் திருத்தம் இப்படி வரும்: ‘கவலைக்குரியது என்பதிலிருந்து கடைசி வரை நீக்கி, அதற்குப் பதிலாக, ஓட்டுநர் பற்றாக்குறையின் விளைவு என்று இந்த அவை கருதுகிறது; இதற்காக அரசு எடுத்துவரும் நடவடிக்கைகளை வரவேற்கிறது என்று சேர்க்கவும்.’ இன்னொரு சிறிய கட்சியின் திருத்தம்: ‘கடைசியில், அந்தத் திட்டத்தில் இரவுச் சேவைக்குத் தனி இலக்கு வேண்டும் என்று சேர்க்கவும்.’

ஒரு தாளில் மூலத் தீர்மானத்தை எழுதி, முதல் திருத்தத்தின்படி நீக்குவதை அடித்து, சேர்ப்பதை எழுதிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எழுதியதும் தெரியும்: எதிர்க்கட்சித் தீர்மானத்தில் எஞ்சியது தொடக்கத்தில் உள்ள நான்கு சொற்கள் மட்டுமே. ‘திட்டம்’ என்ற சொல்லே போய்விட்டது. இப்போது மூன்றாவது கட்சியின் திருத்தத்துக்கு ஒட்ட இடமில்லை. ‘அந்தத் திட்டம்’ எதுவும் இல்லை. ஒன்று நிறைவேறினால் இன்னொன்று பொருத்தமில்லாமல் போகிற இடங்களை அவைத்தலைவர் வாக்கெடுப்புக்கு முன் அறிவிப்பார்: ‘இன்னாரின் திருத்தம் ஏற்கப்பட்டால் இன்னாரின் திருத்தம் விழுந்துவிடும்.’ இந்த வாக்கியம் காதில் விழுந்தால் அன்றைய மாலையின் திருப்பம் அதுதான்.

‘நீக்கி’ என்று தொடங்கும் திருத்தம் பெரும்பாலும் சண்டை. ‘கடைசியில் சேர்க்கவும்’ என்பது பெரும்பாலும் சமரசம். மூலத்தை ஏற்றுக்கொண்டு தன் பங்கையும் வைக்கிறார்கள். விதிவிலக்கு உண்டு: கடைசியில் ஒரு முள்ளைச் சேர்த்து, மூலத்தைக் கொண்டுவந்தவரே எதிர்த்து வாக்களிக்கும்படி செய்வதும் நடக்கும்.

பேச்சுகளில் எதைக் கவனிப்பது? உறுப்பினர் எழுந்து நின்று ‘குறுக்கீட்டை ஏற்பாரா’ என்று கேட்கும் தருணங்களை. பேசுபவர் ஏற்கலாம், மறுக்கலாம். தயாரித்த உரையில் இல்லாத பதில் அப்போது வரும். ஏற்றால் போன நேரத்தை அவைத்தலைவர் திருப்பித் தரலாம். விவாதத்தில் கைவசம் நேரம் இல்லாத நாட்களில் தர மாட்டார், அன்று யாரும் குறுக்கீட்டை ஏற்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட விவாதம் வரிசையாக உரை வாசிப்பாக ஓடும். உறுப்பினர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கால அட்டவணையைத்தான் சொல்ல வேண்டும்.

‘உறுப்பினர் நலன் பதிவேட்டில் உள்ள என் குறிப்பைச் சுட்டுகிறேன்’ என்று யாராவது தொடங்கினால் நோட்டில் எழுதிவிடுங்கள். வாடகை வீடுகள் பற்றிய விவாதத்தில் பேசுபவர் வீடு வாடகைக்கு விடுபவரா, விவசாய மானியம் பற்றிப் பேசுபவருக்குப் பண்ணை உண்டா என்பதெல்லாம் இணையத்தில் உள்ள அந்தப் பதிவேட்டில் இருக்கும்.

அட்வகேட் ஜெனரல் போன்ற லண்டன் பதவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாத ஒருவரும் எப்போதாவது பேசுவார்: லார்டு அட்வகேட். ஸ்காட்லாந்து அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. உறுப்பினராக இல்லாமலேயே அவையில் பேசவும் கேள்விக்குப் பதில் சொல்லவும் முடியும். வாக்கு மட்டும் கிடையாது.

முடிவு நேரம்

வழக்கமாக 5 மணி. ஆனால் விவாதம் சீக்கிரம் முடிந்தால், முடிவு நேரத்தை ‘இப்போதே’ கொண்டுவர முன்னறிவிப்பற்ற ஒரு தீர்மானம் வரும், அவை ஒப்புக்கொள்ளும், சரியாக 5 மணிக்குத் திரையைத் திறந்தவருக்குக் காலி நாற்காலிகள்தான் தெரியும். 4.45க்கே திறந்து வைப்பது பாதுகாப்பு.

முறை இது. அவைத்தலைவர் திருத்தங்களை முதலில் எடுப்பார், திருத்தப்பட்ட தீர்மானத்தைக் கடைசியில். ‘ஏற்கப்படுகிறதா?’ என்று கேட்பார். யாரும் எதிர்க்கவில்லை என்றால் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறும். ‘இல்லை’ என்று ஒரு குரல் வந்தால் வாக்குப்பதிவு. ஆம், இல்லை, நடுநிலை என மூன்றில் ஒன்றை மின்னணு முறையில் பதிவு செய்வார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் தொலைவிலிருந்தும் வாக்களிக்க வழி செய்ததிலிருந்து ஒரு சடங்கு ஒட்டிக்கொண்டது: வாக்கு மூடப்பட்டதும் யாராவது ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி, ‘என் செயலி இணையவில்லை, நான் ஆம் என்று வாக்களித்திருப்பேன்’ என்பார். ‘பதிவு செய்யப்படும்’ என்பார் அவைத்தலைவர். சில மாலைகளில் இப்படி ஐந்தாறு பேர் வரிசையாக எழுவார்கள். முதல் முறை பார்ப்பவர்கள் ஏதோ தகராறு என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, வைஃபை.

முடிவு எண்ணை எழுதும்போது மூன்று எண்களையும் எழுதுங்கள். நடுநிலை எண்ணை விட்டுவிட்டால் கதை மாறிவிடும்: ஒரு சிறிய கட்சி மொத்தமாக நடுநிலை வகித்ததால் நிறைவேறிய தீர்மானம், பெரும்பான்மை ஆதரவோடு நிறைவேறியது போலத் தோன்றும். மூன்றையும் கூட்டி 128இலிருந்து கழித்தால் வராதவர்கள் எத்தனை பேர் என்று கிடைக்கும்.

சமன் வந்தால் அவைத்தலைவரின் வாக்கு தீர்மானிக்கும். 2009 ஜனவரி 28 அன்று சிறுபான்மை அரசின் பட்ஜெட் மசோதாவுக்கு 64க்கு 64 விழுந்தது. அப்போதைய அவைத்தலைவர் அலெக்ஸ் ஃபெர்குசன் எதிராக வாக்களித்தார். ஆண்டு பட்ஜெட் ஒரே வாக்கில் விழுந்தது. அடுத்த வாரமே மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். ஒரே ஓர் உறுப்பினர் எந்தப் பக்கம் என்பதற்கு இந்த அவையில் எவ்வளவு விலை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நிறைவேறியது என்றால் என்ன நடக்கும்?

செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் வழுக்குவது இங்கே. எதிர்க்கட்சியின் தீர்மானம் நிறைவேறினால் அது அவையின் கருத்து. அரசைச் சட்டப்படி கட்டாது. மசோதா அப்படியல்ல. அது மூன்று கட்டம் தாண்ட வேண்டும்: முதல் கட்டத்தில் பொதுக் கொள்கை, இரண்டாவதில் குழுவில் வரி வரியாகத் திருத்தம், மூன்றாவதில் முழு அவையில் மீண்டும் திருத்தமும் இறுதி வாக்கும். மூன்றாம் கட்ட நாளில் புல்லட்டின் மட்டும் போதாது. வரிசைப்படுத்திய திருத்தப் பட்டியலையும் அவற்றை ஒரே விஷயம் சார்ந்த தொகுதிகளாகப் பிரித்த தாளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விவாதம் தொகுதி வரிசையில் போகும், வாக்கு மசோதாவின் பிரிவு வரிசையில் விழும். இரண்டும் ஒன்றாக இருக்காது. முதல் தொகுதியில் பேசிய திருத்தத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வாக்கு வந்து, இது எது என்று விழிப்பது இதனால்தான். நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவான ‘ஸ்பைஸ்’ மசோதாக்களுக்குக் கட்சி சாராத விளக்கக் குறிப்புகள் வெளியிடுகிறது. முதல் கட்ட விவாதத்துக்கு முன் அதைப் படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் கட்டம் தாண்டியதும் சட்டமாகிவிட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். அரச ஒப்புதலுக்கு முன் நான்கு வாரக் காலம் உண்டு. அதற்குள் சட்ட அதிகாரிகள் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். குழந்தைகள் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கும் மசோதா 2021 மார்ச்சில் ஒருமனதாக நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபரில், அதன் சில பகுதிகள் அதிகார வரம்பை மீறுகின்றன என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தி மறுபடி நிறைவேற்ற 2023 டிசம்பர் வரை ஆனது.

இன்னொரு வகை, இசைவுத் தீர்மானம். எடின்பரோவின் வரம்புக்குள் வரும் விஷயத்தில் லண்டன் சட்டம் இயற்றும்போது இந்த அவையின் ஒப்புதலைக் கேட்பது மரபு. சியூவல் மரபு என்பார்கள். மரபுதான், பூட்டு அல்ல. 2018 மே 15 அன்று ஐரோப்பிய ஒன்றிய விலகல் மசோதாவுக்கு இசைவு தர 93க்கு 30 என்று இந்த அவை மறுத்தது. அடுத்த மாதமே லண்டன் அதைச் சட்டமாக்கியது.

மாலையில்: அவைக்குறிப்பு

அவை கலைந்த சில மணி நேரத்தில் அதிகாரபூர்வ அவைக்குறிப்பு இணையத்தில் வந்துவிடும். பேச்சு தொடங்கிய நேரம் அதில் குறித்திருக்கும். அதைக் கொண்டு காணொளியில் சரியான இடத்துக்குப் போகலாம். கேலிக் மொழியில் பேசியிருந்தால் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இரண்டும் இருக்கும். வாக்கெடுப்பின் கீழே யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பெயர்ப்பட்டியலும் உண்டு. உங்கள் மதிய நோட்டை எடுத்து, வலப்பக்கம் வெறுமையாக விட்ட இடங்களை இப்போது சரிபாருங்கள். கேட்கும்போது பதில் போலத் தோன்றிய சில, படிக்கும்போது பதிலாக இருக்காது.

ஓர் எச்சரிக்கை: அவைக்குறிப்பு அச்சு அசலான ஒலிப்பதிவு அல்ல. தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கிச் செப்பனிட்டிருப்பார்கள். ஒருவரை மேற்கோள் காட்டிச் சண்டை போடப்போகிறீர்கள் என்றால் காணொளியையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அமைச்சர் தவறான எண்ணைச் சொல்லியிருந்தால் பின்னர் திருத்தம் பதிவாகும். பழைய விவாதத்திலிருந்து எண் எடுக்கும்போது திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

உங்கள் கேள்வி அவைக்குப் போக

ஸ்காட்லாந்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் எட்டு உறுப்பினர்கள்: தொகுதிக்கு ஒருவர், மண்டலத்துக்கு ஏழு பேர். எட்டுப் பேருக்கும் ஒரே கடிதத்தை நகல் எடுத்து அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு. ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அந்த விஷயத்தைப் பார்க்கும் குழுவில் இருப்பவராக இருந்தால் நல்லது. வாய்மொழிக் கேள்விக்கு ஆசைப்பட வேண்டாம். குலுக்கல் யார் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. எழுத்துபூர்வக் கேள்வியைக் கேளுங்கள். பத்து வேலை நாட்களில் பதில் வர வேண்டும். நீண்ட விடுமுறைக் காலமென்றால் இருபது. முடியாதபோது ‘விரைவில் பதிலளிக்கிறேன்’ என்று ஓர் இடைக்காலப் பதில் வரும். அதைப் பதிலாக எண்ணி நோட்டை மூடிவிடாதீர்கள்.

கேள்வியைக் குறுகலாக அமையுங்கள். ‘கிராமப் பேருந்துகளுக்கு அரசு என்ன செய்கிறது’ என்றால் மூன்று பத்தி விளம்பரம் வரும். ‘2022 முதல் ஒவ்வொரு நிதியாண்டிலும் இன்ன திட்டத்தில் இன்ன உள்ளாட்சிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது’ என்றால் ஓர் அட்டவணை வரும், அல்லது அந்தத் தகவல் அரசிடம் இல்லை என்ற ஒப்புதல் வரும். இரண்டுமே பயன்படும். உறுப்பினர் யாரும் கிடைக்காவிட்டால் மனு இருக்கிறது. மனுக்கள் குழுவுக்கு அனுப்ப ஒரே ஒரு கையெழுத்து போதும். ஆயிரம் பேரைத் திரட்ட வேண்டியதில்லை.

நேரில் பார்க்க விரும்பினால் மாடத்துக்கு அனுமதி இலவசம். முதல்வர் கேள்வி நேரத்துக்கு முன்பதிவு செய்தே ஆக வேண்டும், சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாசலில் விமான நிலையம் போன்ற சோதனை உண்டு. 12 மணிக்கு உள்ளே இருக்க வேண்டுமானால் 11 மணிக்காவது போய்ச் சேருங்கள். அப்படிப் போனால் 11.40 கேள்விகளையும் பார்த்துவிடலாம். சீட்டு கிடைக்கவில்லை என்றால் மதிய விவாதத்துக்குக் கேளுங்கள். அப்போது மாடத்தில் இடம் கிடைப்பது எளிது.